நேர் ஹேண்டிலுக்கு ஏற்ற பிரேக்

இரணியல்
9 ஜூன் 2024

அன்புள்ள லிபின் அண்ணனுக்கு,

தேவ கிருபையால் அப்பாவும் அம்மாவும் இங்கே சுகம். மழை தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கோயம்புத்தூரில் மழை உண்டா? சைக்கிள் ஷோரூமில் வேலை அதிகம் என்று சாப்பாட்டை விட்டுவிடாதே.

கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பாய். என் ஃபோன் கிணற்றில் விழுந்துவிட்டது. வேறு வாங்கத் தோன்றவில்லை. அம்மாவின் ஃபோனில் பேசினால் வீட்டில் எல்லோரும் காது கொடுப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

நீ எனக்கு வாங்கித் தந்த ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டிலைக் கழற்றி, நேர் ஹேண்டில் போட்டுவிட்டேன். குனிந்து ஓட்டினால் முதுகு வலிக்கிறது. கோட்டாற்றில் அபுதாஹிர் கடையில்தான் கொடுத்தேன். அவர் மலைச் சைக்கிளுக்கு வரும் பிரேக் லீவர் இரண்டை மாட்டித் தந்தார். கியருக்கும் ஏதோ ஒன்று போட்டார், அது ஒழுங்காக வேலை செய்கிறது. பிரேக்தான் சரியில்லை. லீவரை இழுத்தால் கல் மாதிரி இருக்கிறது, நன்றாகப் பிடித்துவிட்டது என்று தோன்றும். சக்கரம் மட்டும் நிற்காது. திரும்பி வரும்போது சுங்கான்கடையில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நான் நிற்க முடியாமல் ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டேன். அடி ஒன்றும் இல்லை.

எந்த பிரேக், எந்த லீவர் போட வேண்டும் என்று எழுது. சீக்கிரம் எழுது.

உன் சுகத்துக்கு ஜெபிக்கும்,
ஸ்மைலின்

---

கோயம்புத்தூர்
17 ஜூன் 2024

அன்புத் தங்கை ஸ்மைலினுக்கு,

நான் சுகம். இங்கே தூறல்தான், மழை இல்லை. அப்பா, அம்மா சுகம் என்று எழுதியிருக்கிறாய், உன் சுகத்தை எழுதவில்லை.

நேர் ஹேண்டிலா? நீயா? பேச்சிப்பாறை ஏற்றத்தில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் பாதி ஆண்கள் உன் பின்சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருவோம். முதுகு வலித்தால் ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாமே. யார் இந்த யோசனை சொன்னது?

சரி, பிரேக் விஷயம். அபுதாஹிர் அண்ணாச்சி மேல் குற்றம் இல்லை, எல்லாக் கடையிலும் அந்த லீவர்தான் கிடைக்கும். உன் சைக்கிளில் இருப்பது ரேஸ் சைக்கிளின் காலிப்பர் பிரேக், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது. அதற்குக் கம்பி கொஞ்சமாக, ஆனால் பலமாக இழுபட வேண்டும். மலைச் சைக்கிள் லீவர் கம்பியை நிறைய இழுக்கும், பலம் குறைவு. அதை இதில் மாட்டினால் ரப்பர்க் கட்டை உடனே ரிம்மைத் தொட்டுவிடும், விரலுக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் அழுத்தம் இருக்காது. கையை ஏமாற்றும் பிரேக் அது. அதோடு ஓட்டாதே. காலிப்பருக்கென்றே நேர் ஹேண்டில் லீவர் தனியாக வருகிறது. இங்கே தேடிப் பார்க்கிறேன்.

அதுவரை நம் கூட்டத்து ஷாஜனிடம் கொண்டுபோய்க் கொடு. நான் ஊரில் இல்லாத குறைக்கு அவன் இருக்கிறான். பழைய ஹேண்டிலை அவனே திரும்ப மாட்டித் தந்துவிடுவான்.

ஃபோன் வாங்கு, பணம் அனுப்பவா?

என்றும் அன்புடன்,
லிபின்

---

இரணியல்
26 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா முட்டுக்குத் தைலம் போடுகிறாள். அப்பாவுக்குச் சளி, இப்போது குறைந்திருக்கிறது. நீ வெந்நீர் குடி.

நீ எழுதியது புரிந்தது. இன்னும் சில விஷயம் கேட்க வேண்டும். நீ சொல்லும் லீவரைப் போட்டால் இறக்கத்தில் எவ்வளவு சட்டென்று நிற்க முடியும்? முன் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்தால் பின்சக்கரம் தூக்குமா? ஈரச் சாலையில்? நேர் ஹேண்டிலில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டினால் பின்னால் வருவது தெளிவாகத் தெரியுமா, அதிருமா?

மருந்துக் கடையில் வேலை வழக்கம்போல. நேற்று ஒருவர் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார். நம் சபைக்காரர், அப்பாவின் வயது. சீட்டை நீட்டிவிட்டுத் தன் ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார். பிறகு ஒரு சிரிப்பு. மீதிச் சில்லறையை அவர் கையில் வைக்க எனக்குக் கூசியது, மேஜையில் வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் அடிக்கடி ஓங்கரிப்பு வருகிறது. அம்மா பித்தம் என்கிறாள்.

நேர் ஹேண்டில் போட்டதில் அப்பாவுக்குச் சந்தோஷம்.

அன்புடன்,
ஸ்மைலின்

---

கோயம்புத்தூர்
5 ஜூலை 2024

ஸ்மைலின்,

அம்மா ஃபோனில் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். உன் ஃபோன் கிணற்றில் விழவில்லை, நீயே போட்டிருக்கிறாய். நீ பேச்சிப்பாறை ஏற்றத்தில் போகும்போது எவனோ பின்னாலிருந்து வீடியோ எடுத்து, அதற்கு ஒரு கேடுகெட்ட பாட்டும் சேர்த்து ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறான். எத்தனை நாளாக இதை மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் பிரேக் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்?

அம்மா பேசிய மறுநாள் எனக்கும் அது வந்தது. ஷாஜன்தான் அனுப்பினான். "மக்கா, இத பாத்தியா? எவனோ ஒரு நாயி செஞ்ச வேலையாக்கும். கண்டுபிடிக்காம விடமாட்டேன்" என்று எழுதியிருந்தான். இரண்டு வினாடி பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை. அன்றைக்கு ஷோரூமில் தொட்ட ஒவ்வொரு சீட்டும் அருவருப்பாக இருந்தது.

இந்த அழுக்குப் பயல்களுக்காக நீ நிமிர்ந்து உட்கார வேண்டுமா? முதுகுவலியாம்! அப்பாவுக்குச் சந்தோஷமாம்! நான் லீவர் அனுப்ப மாட்டேன். பழைய ஹேண்டிலை மாட்டு. முன்பு போலக் குனிந்து ஓட்டு. நீ எத்தனை மணிக்கு எந்த வழியில் போவாய் என்று ஷாஜனிடம் சொல்லி, பைக்கில் உன் பின்னால் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் இருந்தால் எவனும் கிட்டே வரமாட்டான்.

கோபத்தில் எழுதுகிறேன். உன் மேல் இல்லை.

லிபின்

---

இரணியல்
14 ஜூலை 2024

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம்.

லீவர் அனுப்பு.

அப்பா சொன்னார்: "நிமிந்து இருந்து போனா ஒருத்தனும் ஒண்ணும் சொல்லமாட்டான் பிள்ளே." ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் அக்கா ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதல் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "ஏட்டி, அன்னைக்கு நீ உள்ளே என்ன போட்டிருந்த?" என்று கேட்டாள். கையை உருவிக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கழுவினேன். சோப்பு இல்லை, மண்ணை வைத்துத் தேய்த்தேன்.

நான் அந்த வீடியோவை முழுதாகப் பார்க்கவில்லை. தொடங்கின உடனே நிறுத்திவிட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் என்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் மாதிரி என்னைப் பார்க்கிறார்கள். இதற்கு நம் அம்மா சொல்லும் வார்த்தைதான் சரி: அறப்பு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி ஒரு அறப்பு.

நேர் ஹேண்டில் எனக்கு வேண்டும். அது அப்பாவுக்காக இல்லை. சட்டென்று நிற்கும் பிரேக் வேண்டும். என் பின்னால் யாரும் வர வேண்டாம்.

ஸ்மைலின்

---

கோயம்புத்தூர்
30 ஜூலை 2024

என் அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதத்தில் கத்தியதற்கு வருத்தமாக இருக்கிறது. பார்சல் அனுப்பியிருக்கிறேன். காலிப்பருக்கான லீவர் ஒரு ஜோடி, புதிய காலிப்பர் இரண்டு, நல்ல ரப்பர்க் கட்டைகள், கம்பியும் உறையும் இருக்கின்றன. வளைந்த ஹேண்டிலில் இருந்த பழைய கம்பியைப் போடாதே, அதன் தலை வேறு வடிவம், இந்த லீவரின் குழியில் உட்காராது. ரிம்மைத் துணியால் துடைத்துவிட்டுக் கட்டையை மாட்டு. எண்ணெய் பட்டிருந்தால் எந்த பிரேக்கும் பிடிக்காது.

வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். நிறுத்துவது முன் பிரேக்தான். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து அதை ஒரேயடியாகப் பிடித்தால் தலைகுப்புற விழுவாய். இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளு, கையை விறைப்பாக வை, இரண்டையும் சேர்த்து இறுக்கு. முதலில் பள்ளிக்கூட மைதானத்தில் பழகு. ஈரத்தில் முதல் சுற்று பிடிக்காது, தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். அதையும் கணக்கில் வை. கண்ணாடி அதிராது.

எதற்கு இவ்வளவு சட்டென்று நிற்க வேண்டும் என்று கேட்டால் நீ சொல்ல மாட்டாய் என்று தெரியும்.

ஷாஜனிடம் தள்ளியே வரச் சொல்லியிருக்கிறேன், உனக்குத் தொந்தரவாக இருக்காது.

அன்பு அண்ணன்,
லிபின்

---

இரணியல்
17 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை. அதைத் தவிர எழுத எல்லாம் வேறு மாதிரி.

பார்சல் வந்தது. நானே மாட்டினேன். நீ சொன்னபடி மைதானத்தில் பழகினேன். இரண்டு முறை விழுந்தேன், பிறகு கை பழகிவிட்டது.

ஆகஸ்ட் பதினைந்து விடுமுறை என்பதால் காலையில் குலசேகரம் பக்கம் கிளம்பினேன். அழகியமண்டபம் தாண்டியதும் பின்னால் ஒரு பைக் சத்தம். முந்தவில்லை. நான் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. கண்ணாடியில் கறுப்பு ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. இதற்குத்தான் காத்திருந்தேன், அண்ணா. குனிந்து ஓட்டும்போது பின்னால் வருபவன் எனக்குத் தெரியமாட்டான், நான்தான் அவனுக்குத் தெரிவேன். நிமிர்ந்தால் கண்ணாடியில் அவன் தெரிவான். நான் சட்டென்று நின்றால் அவனால் நிற்க முடியாது, என்னைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும் என்றுதான் ஹேண்டிலை மாற்றினேன். அப்பாவிடம் முதுகுவலி என்று சொன்னேன், உன்னிடமும் சொன்னேன்.

வேர்க்கிளம்பி தாண்டி ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே ஒரு இறக்கம் வரும். அங்கே வேகமாக இறங்கினேன். அவனும் வேகம் எடுத்தான். இடுப்பைப் பின்னால் தள்ளி இரண்டு லீவரையும் இறுக்கினேன். கட்டை கீச்சிட்டது. நின்றேன். அவன் என்னை உரசாத குறையாகத் தாண்டி, சறுக்கிப் போய், நேசபாய் அக்காவின் டீக்கடைக்கு முன்னால் காலை ஊன்றி நின்றான். பைக் ஹேண்டிலில் ஃபோனைப் பிடித்து வைக்கும் ஸ்டாண்ட். அதில் ஃபோன். நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஃபோனைப் பிடுங்கினேன். வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது.

ஹெல்மெட்டைத் தூக்கினான். ஷாஜன்.

"ஏட்டி, நானாக்கும். பயந்திட்டியா?"

"என்னத்துக்கு எடுக்கிய?"

"லிபின் சொல்லித்தான் வந்தேன். ஒனக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா? எவனாவது வந்தா ஆதாரம் வேணும்லா?"

நான் பதிவை நிறுத்தி, அதைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். சாலை தெரியவில்லை, மரம் தெரியவில்லை, என் தலை தெரியவில்லை. பெரிதாக்கி, பெரிதாக்கி, எதை எடுத்திருக்கிறான் என்று உனக்கு எழுத என் கை வரவில்லை. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அவன் பைக்கை விட்டு இறங்கி வந்தான். "மக்கா, ஃபோனைத் தா. நம்ம வீட்டுக்குள்ள முடிப்போம். நான் ஒனக்கு அண்ணன் மாதிரியில்லா?"

நேசபாய் அக்கா டீ ஆற்றும் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "எட்ட நில்லு லேய். பிள்ளை கையில இருக்கியதைத் தொட்டேன்னா மொகத்துல கொதிக்கக் கொதிக்க ஊத்துவேன்" என்றாள். பிறகு கடையைச் சாத்திவிட்டு, ஆட்டோ பிடித்து, சைக்கிளை மேலே கட்டி, மகளிர் காவல் நிலையம் வரை என்னோடு வந்தாள். ஃபோனைக் கொடுத்துப் புகார் எழுதினேன்.

நீ ஒவ்வொரு கடிதத்திலும் அவன் பெயரை எழுதினாய். நான் ஒரு முறையும் பதில் எழுதவில்லை. முதல் வீடியோவின் தொடக்கத்தில், பாட்டு வருவதற்கு முன், ஒருவன் தொண்டையைச் செருமுவான். ஞாயிறுதோறும் என் பின்னால் கேட்ட செருமல். ஆனால் ஒரு செருமலை வைத்து உன் நண்பன் பெயரை எப்படி எழுதுவேன்?

பதில் போடு.

ஸ்மைலின்

---

கோயம்புத்தூர்
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஸ்மைலினுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

ஷாஜன் ஃபோன் பண்ணி அழுதான். பாதுகாப்புக்காகத்தான் எடுத்தேன், ஸ்மைலின் தப்பாக எடுத்துக்கொண்டாள் என்கிறான். பழைய வீடியோவுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று வேதத்தின் மேல் சத்தியம் பண்ணுகிறான். அவன் பின்னால் வந்தது நான் சொல்லித்தான், அதை நான் மறுக்க முடியாது. அவனுக்குத் துபாய் விசா வந்திருக்கிறது, கேஸ் என்றால் எல்லாம் போய்விடும். அவன் அம்மா என்னிடம் பேசினாள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எத்தனை நாள் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன்.

நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. ஓணத்துக்கு வருகிறேன். அதுவரை புகாரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா? மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.

லிபின்

---

இரணியல்
29 ஆகஸ்ட் 2024

லிபின் அண்ணனுக்கு,

ஷாஜனின் அப்பா சபைக் கமிட்டிக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு நேற்று வந்தார். அம்மா நேந்திரங்காய் சிப்ஸ் வைத்தாள். அவர்கள் அதைத் தின்றுகொண்டே மன்னிப்பைப் பற்றிப் பேசினார்கள். கமிட்டிக்காரர் யார் தெரியுமா? பிரஷர் மாத்திரை வாங்க வந்தாரே, அவர்தான். உன் கடிதத்தை அதற்கு முந்தின நாளே படித்திருந்தேன். அவர்கள் பேசியதும் நீ எழுதியதும் ஒன்றுதான். அவர்கள் எண்ணெய்க் கையோடு பேசினார்கள், நீ பேனா பிடித்து எழுதினாய்.

புகாரை நிறுத்த மாட்டேன். ஓணத்துக்கு நீ வர வேண்டாம்.

ஸ்மைலின்

---

கோயம்புத்தூர்
13 அக்டோபர் 2024

ஸ்மைலினுக்கு,

சுகம் கேட்டு எழுத எனக்கு முகம் இல்லை.

நீ வர வேண்டாம் என்றதால் ஓணத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க ஒன்று மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒருவனிடமிருந்து வந்ததை இன்னொருவனுக்கு அப்படியே தள்ளிவிட்டால், தள்ளப்பட்டது என்று மேலே எழுத்து வரும் இல்லையா? ஷாஜன் எனக்கு அனுப்பிய வீடியோவைத் திறந்து பார்த்தேன். அந்த எழுத்து இல்லை. பாட்டும் இல்லை. ஊரெல்லாம் சுற்றியது பாட்டோடு. எனக்கு வந்தது பாட்டுச் சேர்ப்பதற்கு முந்தைய அசல். எத்தனை வாரமாக அது என் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துச் சுயம்புவை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்: "அது ஷாஜன் எடுத்ததுன்னு எல்லாவனுக்கும் தெரியும் மக்கா. ஒன்னட்ட எப்பிடிச் சொல்லுகது?" எல்லோருக்கும் தெரியும், ஸ்மைலின். மலையேறி முடித்து ஒன்றாகக் கஞ்சி குடித்தவர்கள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், சிரித்திருக்கிறார்கள். நான் ஷோரூம் கழிவறையில் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தேன். அவனை நினைத்தா, அவர்களை நினைத்தா, உன்னைப் பேச வைக்காமல் அவனையே உன் பின்னால் அனுப்பிய என்னை நினைத்தா, எனக்கே தெரியவில்லை.

போன வியாழக்கிழமை இரவு பஸ் ஏறி வந்தேன். நேராகக் காவல் நிலையம் போனேன். என் ஃபோனைக் கொடுத்தேன். அவன் அனுப்பியதும், உன் வழியையும் நேரத்தையும் நான் அவனிடம் சொன்னதும், சுயம்பு சொன்னதும் வாக்குமூலத்தில் இருக்கிறது. சுயம்புவும் கையெழுத்துப் போட வருவதாகச் சொல்லியிருக்கிறான், வராவிட்டால் இழுத்து வருவேன். வெளியே வரும்போது ஷாஜனின் அம்மா வாசலில் நின்றாள். "எங்க சோத்தைத் தின்னவன்லா நீ" என்றாள். ஆமா என்றேன். வேறென்ன சொல்ல.

இரணியலுக்கு பஸ் இருந்தது. ஏறவில்லை. நீ வரச் சொன்னால்தான் வருவேன்.

லிபின்

---

இரணியல்
2 நவம்பர் 2024

லிபின் அண்ணனுக்கு,

நான் பரவாயில்லை. அம்மா நடக்கிறாள். அப்பா என்னிடம் அதிகம் பேசுவதில்லை, ஆனால் சைக்கிள் டயருக்கு அவரே காற்றடித்து வைக்கிறார். என்னவென்று கேட்டால், காற்று குறைந்திருந்தது என்கிறார்.

உன் வாக்குமூலத்தை எஸ்.ஐ. அம்மா எனக்கு வாசித்துக் காட்டினார். சுயம்பு வந்து கையெழுத்துப் போட்டான், என் முகத்தைப் பார்க்காமல். ஷாஜனின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள். வழக்கு நாள் எடுக்கும் என்றார்கள். எடுக்கட்டும். உன் மேல் இருந்த கோபம் முழுதும் போய்விட்டது என்று எழுதினால் பொய். கிறிஸ்துமஸுக்கு வா. நேரில் இருந்தால் சண்டையாவது போடலாம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உன் ஃபோனில் இருந்த வீடியோவை நான் பார்த்து, அதில் இருப்பது நான்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பார்க்காமல் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். "அது முடியாதும்மா. வேணும்னா நாளைக்கு வாருங்க" என்றார் எஸ்.ஐ. இன்றைக்கே பார்த்துவிடுகிறேன் என்றேன். மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாயில் எச்சில் ஊறி, இதோ வரப்போகிறது என்று இருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு வீடியோவைப் போட்டார்.

முதலில் அந்தச் செருமல். பிறகு அவன் கண் எங்கே போயிற்றோ அங்கே. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணை மூடவில்லை. கொஞ்சம் கழித்து அவன் கை தளர்ந்திருக்க வேண்டும், படம் விரிந்தது. அணைக்கு முந்தைய அந்தக் கடைசி வளைவு, அண்ணா. நீயும் சுயம்புவும் எழுந்து நின்று மிதித்தும் திணறுகிற இடம். நான் உட்கார்ந்தே ஏறிக்கொண்டிருந்தேன். தோள் அசையவில்லை. முதுகு ஒரு பலகை மாதிரி. கால்கள் தையல் மெஷின் ஊசி போல ஒரே சீராக இறங்கி ஏறின. சக்கரம் ஒரு விரற்கடை கூட விலகவில்லை. நான் ஏறுவதை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை. அவ்வளவு நன்றாக ஏறுகிறேன் என்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதும் இல்லை. அதைப் பார்த்தவர்கள் இத்தனை பேர், ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

வீடியோ முடிந்தது. எஸ்.ஐ. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "நீங்கதானே?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன். "கடைசியில அந்த வளைவு வருகு பாருங்க, அதை மட்டும் இன்னும் ஒருக்கா போடுங்க."

உன் தங்கை,
ஸ்மைலின்